இயந்திரம் எழுதிவைக்கும் கணக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏ.ரி.எம். பற்றியும் அட்டை பற்றியும்தான். பண விடயம் என்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை; ஊரை மட்டும் போடுகிறேன். மூன்று பேர் ‘அன்புள்ள ஐயா’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். வங்கியின் அட்டைப் பிரிவில் 16 வருடம் குப்பை கொட்டிய ஆள் ஐயாவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டீர்கள் போலும். நான் அம்மா. அக்கா என்று எழுதினாலும் கோபிக்கமாட்டேன்.

கேள்வி: சனிக்கிழமை மாலை ஆறரை மணி போல, காலி வீதியில் வேறொரு வங்கியின் இயந்திரத்தில் 20,000 ரூபா எடுக்கப் போனேன். உள்ளே தாள் எண்ணும் சத்தம் நன்றாகக் கேட்டது. பிறகு சேவை வழங்க இயலவில்லை என்று திரையில் வந்தது. அட்டை வெளியே வந்தது, பணம் வரவில்லை. படியால் இறங்குவதற்குள் 20,000 ரூபா கழிக்கப்பட்டதாகக் கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்துவிட்டது. என் கிளையில் கேட்டால் ‘பொறுத்திருங்கள், தானாக வரும்’ என்கிறார்கள். தானாக எப்படி வரும்?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: பெரும்பாலும் தானாக வரும். ஆனாலும் ‘தானாக’ என்று ஒரு வங்கிக்காரர் சொல்லக் கேட்டால் எனக்கு இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எது முந்தி, எது பிந்தி என்று பாருங்கள். இயந்திரம் பணத்தை எண்ணித் தந்த பிறகுதான் கணக்கில் எழுதுகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். நடப்பது மறுவளம். நீங்கள் இரகசிய இலக்கத்தை அழுத்தியதும் அந்த விசைப்பலகையே அதைப் பூட்டிவிடுகிறது. இயந்திரத்தின் மற்றப் பாகங்களுக்குக்கூட அந்த நான்கு இலக்கங்கள் தெரியாது. பூட்டிய இலக்கமும் நீங்கள் கேட்ட தொகையும் இயந்திரத்துக்குச் சொந்தமான வங்கிக்குப் போகின்றன. அட்டை தன்னுடையது அல்ல என்று கண்டதும் அது வங்கிகளை ஒன்றோடொன்று இணைக்கும் லங்காபே வலையமைப்பிடம் கையளிக்கிறது. 2013இல் அந்தப் பொது இணைப்பு வரும்வரை எத்தனையோ அட்டைகள் தத்தம் வங்கியின் இயந்திரத்தைத் தவிர வேறெங்கும் செல்லாமல் கிடந்தன. நமது வங்கியின் பெயர்ப்பலகையைத் தேடிக் காலி வீதியில் வெயிலில் நடந்தவர்களுக்கு நினைவிருக்கும். லங்காபே உங்கள் வங்கியைக் கேட்கிறது. உங்கள் வங்கி மீதியைப் பார்த்து, 20,000 ரூபாவைக் கழித்து எழுதிவிட்டு, ‘கொடுக்கலாம்’ என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் வந்த வழியே திரும்பிவந்த பிறகுதான் இயந்திரம் முதல் தாளைத் தொடும். இவ்வளவும் சில விநாடிக்குள்.

அதாவது உங்களுக்குச் சத்தம் கேட்டபோது கணக்கில் பணம் ஏற்கெனவே குறைந்துவிட்டது.

அந்தச் சத்தம் என்ன? உள்ளே தாள்கள் பெட்டிகளில் அடுக்கியிருக்கும், கசெட் என்போம். உறிஞ்சியோ உருளையோ ஒவ்வொரு தாளாக இழுக்கிறது. இழுத்த தாள் தடிப்பை அளக்கும் உணரியைக் கடக்க வேண்டும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் தடிப்பு கூடிவிடும். அந்தச் சோடியை உங்கள் கையில் தராமல் ஒதுக்குப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வேறு தாளை இழுக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பழைய தாள்களை யாராவது சோம்பல்பட்டு அப்படியே ஏற்றிவிட்டால் ஒதுக்குப் பெட்டி சீக்கிரமே நிறைந்துபோகும். எத்தனை தடவை இழுத்தும் எண்ணிக்கை சரிவராவிட்டால் இயந்திரம் கைவிட்டுவிடும். ‘நான் கொடுக்கவில்லை, கழித்ததைத் திருப்பி எழுது’ என்று இன்னொரு செய்தி அனுப்பும். அது போய்ச் சேர்ந்தால் கணக்குக்குப் பணம் திரும்பிவிடும். உங்கள் கிளை ‘தானாக’ என்று சொன்னது இதைத்தான். அந்த நேரத்தில் இணைப்பு அறுந்திருந்தால் கழித்தது கழித்தபடியே நிற்கும், இரண்டு வங்கிகளும் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை. உங்களுக்கு நடந்தது சனிக்கிழமை மாலை. ஞாயிறு போக வேண்டும். நடுவில் போயா விடுமுறை வந்தால் இன்னும் ஒரு நாள்.

இனி உள்ளங்கை வியர்க்கும் காரணம். நான் அட்டைப் பிரிவுக்கு வந்த இரண்டாம் வருடம், புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி ஒருவர் 15,000 ரூபா கைக்கு வரவில்லை என்று முறைப்பாடு கொடுத்தார். கணினியைப் பார்த்தேன். ‘பரிமாற்றம் வெற்றி’ என்றிருந்தது. பணம் வழங்கப்பட்டுள்ளது என்று கடிதம் அடித்து நானே கையெழுத்திட்டேன். நான்காம் நாள் அந்தக் கடிதத்தோடு ஆள் தலைமையகத்துக்கே வந்துவிட்டார். சாரத்தின் மடிப்பில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. சத்தம் போடவில்லை. ‘பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா, மிஸ்?’ என்று மட்டும் கேட்டார்.

திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் திறந்தோம். அதை ஒருவர் தனியே திறக்க முடியாது. ஒருவரிடம் சாவி இருக்கும், மற்றவரிடம் பூட்டின் இலக்கம் இருக்கும். அந்தக் காலத்து இயந்திரம் தான் செய்வதையெல்லாம் ஒரு காகிதச் சுருளில் அச்சடித்துக்கொண்டே போகும். நிலத்தில் உட்கார்ந்து சுருளை விரித்து அவருடைய அட்டையின் கடைசி இலக்கங்களைத் தேடினேன். 1,000 ரூபாத் தாள் 15 எண்ணப்பட்டது. வாசல் திறந்தது. எடுக்கப்படவில்லை. உள்ளே இழுக்கப்பட்டது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரம், விநாடி உட்பட. பணம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில் அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது, திரும்பி நின்று பேசியிருக்கிறார், அவ்வளவுதான். மீட்புப் பெட்டியில் 15 தாளும் கிடந்தன, மேல் தாளின் மூலை மடிந்தபடி. கணினியின் பாஷையில் ‘வெற்றி’ என்றால் பணம் வாசல்வரை வந்தது என்று பொருள். கைக்கு வந்தது என்று பொருள் அல்ல. அது தெரியாமல் ஒரு மனிதனைப் பொய்யன் என்று கடிதத்தில் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்ட வாசகத்தை மேலதிகாரி சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டார். பணம் வரவு வைக்கப்பட்டது என்ற வரி மட்டும் போயிற்று.

ஆகவே, தங்கையே, இயந்திரத்துக்குச் சொந்தமான வங்கியின் வாசலில் போய் நிற்காதீர்கள். உங்களுக்கு அட்டை தந்த வங்கிதான் பொறுப்பு. வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். இடம், நாள், நேரம், கைத்தொலைபேசிக்கு வந்த செய்தி எல்லாவற்றையும் எழுதுங்கள். பற்றுச்சீட்டு வந்திருந்தால் அதில் இயந்திரத்தின் இலக்கமும் பரிமாற்ற இலக்கமும் இருக்கும். அந்தச் சீட்டுகளை வெயில் படாமல் வையுங்கள், எழுத்து மங்கிவிடும். கூடவே இந்த ஒரு வரியையும் சேருங்கள்: ‘இயந்திரத்தின் பதிவையும், பணத்தை எண்ணி ஒப்பிட்ட நாளில் மிகுதி இருந்ததா என்பதையும் பார்த்துப் பதில் தரவும்.’ ஒதுக்குப் பெட்டியும் மீட்புப் பெட்டியும் உட்பட எல்லாப் பெட்டிகளையும் எண்ணும்போது 20,000 ரூபா கூடுதலாக நின்றால் அது யாருடையது என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. இந்த வரியைக் கண்டதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நானும் அப்படி நிமிர்ந்தவள்தான். கமெராப் பதிவும் கேட்கலாம், ஆனால் அதை வெகுகாலம் வைத்திருக்கமாட்டார்கள், இன்றே கேளுங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவு இருக்கிறது, 1935 என்ற இலக்கம். முதலில் வங்கிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி கையில் இருக்கட்டும், அங்கே முதற்கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: நான் முச்சக்கர வண்டி ஓட்டுபவன். காலையில் 5,000 ரூபா எடுத்தால் ஒற்றைத் தாளாகத் தருகிறது. அதை வைத்துக்கொண்டு தேநீர்கூடக் குடிக்க முடியவில்லை. இயந்திரத்துக்குச் சில்லறையே இல்லையா?
– தெமட்டகொடை

பதில்: 4,500 கேளுங்கள். 5,000 தாளை வைத்துக்கொண்டு அதனால் 4,500 தர முடியாது; 1,000 தாளும் 500 தாளும் இருந்தால் அவற்றைத்தான் தந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தொகையை மாற்றச் சொல்லும்.

ஏன் பெரிய தாள் என்றால், பெட்டிக்குள் இடம் அளவானது. ஒரு கசெட்டில் 2,000 தாள் என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாத் தாளாக நிரப்பினால் பத்து இலட்சம். 5,000 தாளாக நிரப்பினால் ஒரு கோடி. நீண்ட விடுமுறைக்கு முன்னால் எதை நிரப்புவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் வெறுமையான இயந்திரத்தின் முன்னால் நின்று ஏச்சு வாங்குவது, சில்லறை இல்லை என்ற முணுமுணுப்பைவிட மோசம், இரண்டையும் அனுபவித்திருக்கிறேன்.

கேள்வி: திருடன் கத்தியைக் காட்டிப் பணம் எடுக்கச் சொன்னால் இரகசிய இலக்கத்தைத் தலைகீழாக அழுத்தினால் போதும், பொலிஸுக்குத் தானாகத் தகவல் போய்விடும் என்று குடும்பக் குழுவில் வந்தது. உண்மையா?
– கொட்டாஞ்சேனை

பதில்: பொய். இந்தச் செய்தி பல வருடமாக நாடு நாடாகச் சுற்றுகிறது. என் மச்சாள் மட்டும் மூன்று தடவை அனுப்பிவிட்டார். யோசித்துப் பாருங்கள். 2332 என்று இலக்கம் வைத்தவர் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் பொலிஸ் வர வேண்டியிருக்கும். தலைகீழ் இலக்கம் வங்கிக்கு வெறும் பிழையான இலக்கம். மூன்று தடவை பிழைத்தால் அட்டை முடங்கும், கத்திக்காரனுக்குக் கோபம் வரும். கத்தியைக் கண்டால் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பிறகு வங்கிக்கு அழையுங்கள்.

நான்கு இலக்கம் என்பது வந்த கதை இதைவிடச் சுவையானது. உலகின் முதலாவது பண இயந்திரம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1967 ஜூன் 27ஆம் திகதி லண்டனின் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கிக் கிளையில் திறக்கப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்த ஜான் ஷெப்பர்ட்-பாரன் இந்தியாவின் ஷில்லாங்கில் பிறந்தவர். தம்முடைய இராணுவ எண்ணின் ஆறு இலக்கங்களும் நினைவிருந்ததால் எல்லோருக்கும் ஆறு இலக்கம் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். சமையலறை மேசையில் மனைவியிடம் கேட்டபோது தனக்கு நான்குதான் நினைவில் நிற்கும் என்றாராம். இன்றைக்கும் நான்கு. அப்போது பிளாஸ்டிக் அட்டை கிடையாது. இலேசான கதிரியக்கக் கார்பன் பூசிய காசோலை போன்ற ஒரு தாளை நுழைக்க வேண்டும். ஒரு தடவைக்கு 10 பவுண்தான்.

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். இணையத்தில் புத்தகம் வாங்க அப்பாவின் அட்டை இலக்கத்தை அடித்தபோது ஒரு இலக்கம் பிழைத்துவிட்டது. நான் அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன்பே பிழை என்று சிவப்பில் காட்டியது. வங்கியைக் கேட்காமல் அதற்கு எப்படித் தெரியும்?
– பம்பலப்பிட்டி

பதில்: தம்பி, இந்த மாதக் கடிதங்களில் எனக்குப் பிடித்தது உம்முடையதுதான். அட்டையின் கடைசி இலக்கம் கணக்கின் பகுதி அல்ல, காவல்காரன். முன்னால் இருக்கும் பதினைந்தையும் வைத்துக் கணக்குப் போட்டு அதைத் தீர்மானிக்கிறார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் கண்டுபிடித்த முறை. 1960இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

பென்சிலை எடும். மென்பொருள் எழுதுவோர் சோதனைக்குப் பயன்படுத்தும் இலக்கம் ஒன்று இருக்கிறது: 4111 1111 1111 1111. எவருடைய கணக்கும் அல்ல. வலப்பக்கத்திலிருந்து தொடங்கும். கடைசி இலக்கத்தை அப்படியே விடும், அதற்கு அடுத்ததை இரட்டிப்பாக்கும், மூன்றாவதை விடும், நான்காவதை இரட்டிப்பாக்கும். இப்படியே போனால் இரட்டிப்பாகும் எட்டு இலக்கங்களில் ஏழு ஒன்றுகளும் ஒரு நான்கும் இருக்கும். ஒன்றுகள் இரண்டாகி மொத்தம் 14, நான்கு எட்டாகிறது, சேர்த்தால் 22. தொடாமல் விட்ட எட்டு ஒன்றுகள் 8. எல்லாம் 30. பத்தால் மீதியின்றி வகுபடுகிறது, ஆகவே சரி. இனிக் கடைசிக்கு முந்தின ஒன்றை ஏழு என்று பிழையாக அடித்ததாக வையும். ஏழு இரட்டித்தால் 14. இரண்டு இலக்கமாக வந்தால் அவற்றைக் கூட்ட வேண்டும், ஒன்றும் நான்கும் ஐந்து. முன்பு இரண்டு இருந்த இடத்தில் இப்போது ஐந்து. மொத்தம் 33. வகுபடாது. சிவப்பு எழுத்து வந்துவிடும். எந்த ஒரு இலக்கம் பிழைத்தாலும் இந்தக் கணக்கு பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம்மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும், பூச்சியமும் ஒன்பதும் மாறினால் மட்டும் ஏமாந்துபோகும். ஏன் என்று நீரே போட்டுப் பாரும், நான் சொல்லமாட்டேன்.

முதல் இலக்கத்துக்கும் பொருள் உண்டு. 4 என்றால் விசா. 5 அல்லது 2 என்றால் மாஸ்டர்கார்ட் என்று பெரும்பாலும் நம்பலாம். அப்பாவின் அட்டையில் செய்து பார்த்தீரென்றால் கணக்குப் போட்ட தாளை உடனே கிழித்துவிடும்.

கேள்வி: தட்டினால் பணம் போகும் அட்டை தந்திருக்கிறார்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவன் தன் கருவியைக் கைப்பையில் உரசி எடுத்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன்.
– தெஹிவளை

பதில்: அலுமினியத் தாளைச் சமையலுக்கு வையுங்கள். அந்த அட்டை சில சென்றிமீற்றருக்குள் வந்தால்தான் பேசும். பேசினாலும் சிப் ஒவ்வொரு கொடுக்கலுக்கும் புதிதாக ஒரு குறியீடு செய்து தருகிறது. ஒருமுறை பயன்படுத்தியது மறுமுறை செல்லாது. தவிர, பணத்தை வாங்கும் கருவி ஒரு வியாபாரக் கணக்கோடு கட்டப்பட்டது. பஸ்ஸில் உரசுகிறவன் தன் முகவரியை வங்கியில் கொடுத்துவிட்டுத்தான் உரச வேண்டும். அந்த பஸ்ஸில் பறிபோவது முழுக் கைப்பையாக இருக்கும். அப்போது செய்ய வேண்டியது உடனே வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துவது. வங்கியின் இலக்கத்தைக் கைப்பைக்குள் இல்லாத ஓர் இடத்தில் எழுதி வைத்திருக்கிறீர்களா? அதுதான் என் கவலை.

நான் பயப்படுவது அட்டையின் பின்புறத்துக் கறுப்புப் பட்டிக்கு. அந்தக் காந்தப் பட்டி எப்போதும் ஒரே விடயத்தைத்தான் சொல்லும், யார் கேட்டாலும் சொல்லும். இயந்திரத்தின் வாயில் போலி வாயொன்றை ஒட்டிப் பட்டியைப் பிரதியெடுத்து, மேலே குண்டூசித் தலையளவு கமெராவால் விரல்களைப் படம் பிடித்தால் போதும், இன்னொரு அட்டை செய்துவிடுவார்கள். அட்டை நுழையும் பகுதியைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பாருங்கள். வங்கி பொருத்தியது அசையாது. மற்றக் கையால் விசைப்பலகையை மூடிக்கொண்டு அழுத்துங்கள். நான் மூடிக்கொண்டு அழுத்துவதைப் பார்த்துப் பின்னால் நின்ற பையன் ஒருவன் சிரித்தான். சிரிக்கட்டும்.

கேள்வி: செட்டியார் தெருவில் மகளுக்குக் காப்பு வாங்கினோம். அட்டையில் கொடுத்தால் நூற்றுக்கு மூன்று வீதம் கூட என்றார்கள். சரிதானா?
– கொச்சிக்கடை

பதில்: சரியல்ல. அட்டையை ஏற்றுக்கொள்வதற்காகக் கடை தன் வங்கிக்கு ஒரு வீதம் கொடுக்கிறது. அது கடையின் செலவு. அதை வாங்குபவர் தலையில் போடக்கூடாது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. பற்றுச்சீட்டில் அந்த மேலதிகத் தொகையைத் தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். பாதிக் கடைகள் அந்த இடத்திலேயே மறந்துவிடும். எழுதித் தந்தால் உங்கள் அட்டை வங்கிக்கு அனுப்புங்கள். காசாகத் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று நீங்கள் கேட்பது வேறு. அது செட்டியார் தெருவில் காலங்காலமாக நடக்கும் பேரம், அதில் நான் தலையிடமாட்டேன்.

கேள்வி: அன்புள்ள ஐயா, என் மாமியாருக்கு 71 வயது. பணம் எடுக்கத் தடுமாறியபோது நன்றாக உடுத்த ஓர் இளைஞன் உதவி செய்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் இருப்பது வேறு யாருடையதோ அட்டை. ஒரு மணி நேரத்துக்குள் 80,000 ரூபா போய்விட்டது.
– மட்டக்குளி

பதில்: அந்த அட்டை அதற்கு முன் ஏமாந்த ஒருவருடையதாக இருக்கும். அதைப் பொலிஸிடம் கொடுங்கள், எறிந்துவிடாதீர்கள். அவருடைய வழக்கும் உங்களுடைய வழக்கும் ஒன்றாகலாம். சரியான அட்டையும் சரியான இரகசிய இலக்கமும் பயன்பட்டிருப்பதால் வங்கி கையை விரிக்கப் பார்க்கும். எத்தனை மணிக்கு அட்டையை நிறுத்தச் சொன்னீர்கள் என்பதை எழுத்தில் எடுங்கள். அந்த நேரத்துக்குப் பின் ஒரு ரூபா போயிருந்தாலும் அது வங்கியின் பாடு. மாமியாரின் நாளாந்த எல்லையைக் குறைக்கச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒருமுறை மருந்துக்குப் பணம் எடுப்பவருக்கு ஏன் பெரிய எல்லை? அவரை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை நடந்ததைச் சொல்லமாட்டார், நிறுத்தவேண்டிய அந்த ஒரு மணி நேரமும் போய்விடும்.

ஐயா அல்ல, அம்மா.

கேள்வி: கணவர் இறந்து இரண்டு மாதம். அவருடைய அட்டை என்னிடம் இருக்கிறது, இலக்கமும் தெரியும். கடைசிக் காலத்தில் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ‘உங்கள் பணம்தானே அம்மா, எடுத்துச் செலவழியுங்கள்’ என்கிறான் மகன். ஒரு தடவை எடுத்தேன். பிறகு மனம் ஒப்பவில்லை.
– வத்தளை

பதில்: உங்கள் மனம் சொன்னதுதான் சரி, தங்கச்சி. அட்டை அவர் ஒருவருக்கென்று தரப்பட்டது, அவரோடு அந்த அனுமதியும் முடிந்தது. கணக்கில் இருப்பது இனி அவருடைய வாரிசுகள் எல்லோருக்கும் உரிய சொத்து. இன்று மகன் எடுங்கள் என்கிறான். நாளை ஒரு மைத்துனர் கணக்குக் கேட்டால், இறந்த திகதிக்குப் பின் எத்தனை மணிக்கு எவ்வளவு எடுக்கப்பட்டது என்று இயந்திரம் விநாடியோடு சொல்லும். மேலே நாட்டாமிக்குச் சாட்சி சொன்ன அதே பதிவு உங்களுக்கு எதிராகவும் சொல்லும்.

மரணச் சான்றிதழையும் உங்கள் அடையாள அட்டையையும் விவாகச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். இருவர் பெயரிலுமான கணக்கு, உயிரோடிருப்பவருக்குச் சேரும் என்ற நிபந்தனையோடு திறந்தது என்றால் அதிகம் அலைச்சல் இருக்காது. அவர் தனியே வைத்திருந்த கணக்கு என்றால் நியமனதாரராக உங்கள் பெயரைக் கொடுத்திருந்தாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். கணக்குத் திறந்த படிவத்தில் இருக்கும். கொடுத்திருக்காவிட்டால் சட்டத்தரணி ஒருவரிடம் போக வேண்டிவரும். அந்த ஒரு தடவை எடுத்ததை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். செத்தவீட்டுச் செலவுக்கு எடுத்தவர்களை நான் நூறு பேர் பார்த்திருக்கிறேன். யாரும் உங்களைத் திருடி என்று நினைக்கமாட்டார்கள். அவருக்கு ஓய்வூதியம் அந்தக் கணக்குக்கே வந்துகொண்டிருந்தால், அவர் இறந்த பின் வந்த தொகையைத் தொடாதீர்கள். அதைத் திருப்பிக் கேட்பார்கள்.

அட்டையை வங்கியில் வாங்கி வெட்டிவிடுவார்கள். சிப்பையும் பின்பக்கப் பட்டியையும் வெட்டினால் அது வெறும் பிளாஸ்டிக். அவருடைய பெயர் அச்சிட்டிருக்கும் துண்டு வேண்டுமானால் கேளுங்கள். கேட்டவர்களுக்கு நான் கொடுத்திருக்கிறேன்.